ஊரையே தூக்கிக்கொண்டு நகர்வது: அமெரிக்கப் பூர்வகுடிக் கடலோர ஊர்களும் காலநிலை மாற்றமும்

அலாஸ்காவின் மேற்கு ஓரத்தில், பெரிங் கடலுக்குப் போகும் நிங்லிக் ஆற்றின் கரையில், நியூடாக் என்றொரு ஊர். யூபிக் பூர்வகுடி மக்கள் சுமார் 350 பேர் அங்கே வாழ்ந்தார்கள். ஆற்றங்கரை ஆண்டுக்குச் சராசரியாக 70 அடி வீதம் இடிந்து இடிந்து ஊரை நெருங்கியது. முதலில் குப்பை கொட்டும் இடம் போனது. 2005-ல் சரக்குப் படகு வந்து நிற்கும் துறை போனது. அப்புறம் வீடுகளின் வாசலுக்கே தண்ணீர் வந்தது. 2024 கடைசியில், மிச்சமிருந்த குடும்பங்களும் ஆற்றின் மறுகரையில் கட்டிய புது ஊருக்குப் போய்விட்டன.

கடல் உயர்ந்தது, ஊர் அழிந்தது என்று இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அதில் பாதி விஷயம் விட்டுப்போகும். ஊர் அந்த இடத்தில் எப்படி அமைந்தது என்பதுதான் அந்தப் பாதி.

யூபிக் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் குந்தியிருந்தவர்கள் அல்ல. குளிர்காலத்துக்கு ஓரிடம், கோடையில் மீன் வரும் இடத்தில் ஒரு முகாம் என்று பருவத்தோடு நகர்ந்தவர்கள். ஒரு கரை இடிந்தால் அடுத்த ஆண்டு வேறு கரையில் முகாம் போடுவார்கள், அவ்வளவுதான். 1950-களின் இறுதியில் அமெரிக்க அரசு இவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட வந்தது. கட்டுமானப் பொருட்களை ஏற்றிவந்த படகு ஆற்றில் எதுவரை போக முடிந்ததோ, அங்கே பள்ளி எழுந்தது. பள்ளி இருக்கும் இடத்தில் குடும்பங்கள் தங்க வேண்டியதாயிற்று. தாழ்வான, சதுப்பான அந்த இடத்தை யாரும் நிரந்தர ஊராகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். வடக்கே சுக்சி கடலில் ஒரு மெல்லிய மணல் தீவில் இருக்கும் கிவலீனாவின் கதையும் இதேதான். இனுபியாட் மக்கள் வேட்டைக்கு வந்து தங்கிப்போகும் இடமாக இருந்த தீவில் 1905-ல் பள்ளி வந்தது, ஊர் நிலைத்துவிட்டது.

இதை நான் முதலில் சொல்லக் காரணம் உண்டு. இந்த மக்களின் துயரத்தில் கடலுக்கு ஒரு பங்கு என்றால், அவர்களை ஓரிடத்தில் கட்டிப்போட்ட வரலாற்றுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எங்கே வாழ்வது, எப்போது நகர்வது என்ற முடிவு அவர்கள் கையைவிட்டுப் போனது. அந்த முடிவு திரும்ப அவர்கள் கைக்கு வருகிறதா என்பதைப் பார்த்தால்தான், ‘தகவமைப்பு’ என்று நாம் படிக்கும் சொல்லுக்கு உயிர் வருகிறது.

சரி, கடலும் நிலமும் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். ஆர்க்டிக் பகுதி 1979-க்குப் பிறகு உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. இதன் விளைவைக் கடலோர ஊர்கள் பல பக்கங்களிலிருந்து வாங்குகின்றன.

முதலாவது, கடல் பனி. மிதக்கும் பனி உருகுவதால் கடல் மட்டம் பெரிதாக ஏறுவதில்லை. அது ஏற்கெனவே தண்ணீரில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டுதானே மிதக்கிறது. கடல் மட்டத்தை உயர்த்துவது நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகி வந்து சேர்வதும், சூடான கடல்நீர் விரிவடைவதும்தான். அப்படியானால் கடல் பனி குறைந்தால் அலாஸ்காவுக்கு என்ன கவலை? அங்கே கரையோடு ஒட்டி உறையும் பனிதான் ஊருக்கு அரண். இலையுதிர்காலம் அந்தக் கடலில் பெரும்புயல்களின் காலம். முன்பு புயல் வரும் நேரத்தில் கடல் விளிம்பு உறைந்து கெட்டியாகியிருக்கும், அலை அங்கேயே அடங்கிவிடும். இப்போது உறைவது வாரக்கணக்கில் தள்ளிப்போகிறது. அதே புயல், ஆனால் நடுவில் தடுக்க எதுவும் இல்லை. திறந்த கடலில் காற்று நெடுந்தூரம் ஓடி வருவதால் அலையும் பெரிதாகிறது.

இரண்டாவது, காலடி நிலம். ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் நிலத்தை உறைநிலம் என்கிறோம். மேற்கு அலாஸ்காவின் கழிமுகப் பகுதியில் மண் மிகவும் நைசானது. பனிதான் அந்த மண்ணுக்குச் சிமெண்ட். பனி உருகினால் மண் சேறாகி உட்காருகிறது. வீடு ஒரு பக்கம் சாய்கிறது, கதவு நிலையில் பொருந்தாமல் இழுக்கிறது. சதுப்பின் மேல் நடப்பதற்காக ஊர் முழுக்கப் போட்டிருக்கும் பலகைப் பாதை சேற்றுக்குள் அமிழ்கிறது. கரையோரத்தில் இதுவும் அலையும் சேர்ந்துகொள்கின்றன. உறைந்த கரையின் அடிப்பகுதியை வெதுவெதுப்பான தண்ணீர் அரித்துவிட, மேலே நிற்கும் புல்வெளி பாளம் பாளமாக ஆற்றில் விழுகிறது. 70 அடி என்பதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதில்லை. ஒரே புயலில் ஒரு வீட்டு மனை அளவுக்குப் போய்விடும்.

மூன்றாவது, சாப்பாடு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். இந்த ஊர்களில் கடைச் சாமான் எல்லாம் விமானத்திலோ படகிலோ வர வேண்டும், விலை கொள்ளை. சீல், வால்ரஸ், திமிங்கலம், சால்மன் மீன், காட்டுப் பழங்கள் என்று கடலும் நிலமும் தருவதுதான் வீட்டின் அடிப்படை உணவு. கடல் பனி மெலிந்தால் அதன் மேல் போய் வேட்டையாட முடியாது. தலைமுறையாகப் பழகிய பாதையில் பனி திடீரென்று உடைந்து ஆள் உள்ளே போகிற ஆபத்து இருக்கிறது. வடக்கே பாயின்ட் ஹோப் போன்ற ஊர்களில் உறைநிலத்தைக் குடைந்து நிலவறை வெட்டி, திமிங்கல இறைச்சியை அதில் வைப்பார்கள். மின்சாரம் வேண்டாத குளிரறை அது. இப்போது சில நிலவறைகளில் தண்ணீர் கசிகிறது, இறைச்சி கெடுகிறது. கோடையில் மழை கூடினால் பரணில் தொங்கும் மீன் காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடுகிறது. கருவாடு போடுகிற குடும்பங்களுக்கு இந்தக் கவலையை விளக்கவே வேண்டாம்.

பாதிப்பு எவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரு கணக்கு போதும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2003-ல் அலாஸ்காவின் 213 பூர்வகுடி ஊர்களை ஆராய்ந்தது. அவற்றில் 184 ஊர்களில் வெள்ளமோ அரிப்போ ஏதோ ஒரு அளவில் இருப்பதாகச் சொன்னது. 2009-ல் அதே அலுவலகம், 31 ஊர்கள் உடனடி ஆபத்தில் இருப்பதாகப் பட்டியலிட்டது.

இப்போது தகவமைப்புக்கு வருவோம். காலநிலை மாற்றம் பற்றிப் பேசும்போது இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கரி, எண்ணெய், வாயு எரிப்பதைக் குறைத்து வெப்பமாதலை மட்டுப்படுத்துவது ஒன்று. வந்துவிட்ட மாற்றத்தோடு வாழ வழி செய்துகொள்வது மற்றொன்று. இரண்டாவதைத்தான் தகவமைப்பு என்கிறோம். சில நூறு பேர் வாழும் ஊர் முதல் வேலையில் செய்யக்கூடியது மிகக் குறைவு. இரண்டாவதிலிருந்து தப்ப அதற்கு வழியே இல்லை.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது சுவர். கிவலீனாவில் 2006-ல் ஒரு தடுப்புச் சுவர் கட்டினார்கள். அந்த ஆண்டே வந்த புயலில் அது சேதமானது. பின்னர் ராணுவப் பொறியாளர் பிரிவு பாறைகளைக் கொட்டி வலுவான தடுப்பு அமைத்தது. அது கொஞ்சம் அவகாசம் வாங்கித் தந்தது, அவ்வளவுதான். சுவருக்கு எப்போதும் ஒரு பக்கவிளைவு உண்டு. தூண்டில் வளைவு போட்ட ஊருக்கு அடுத்த ஊரில் மணல் போவதைத் தமிழகக் கடற்கரையில் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கிவலீனா மக்கள் இப்போது வேறு வழியில் போகிறார்கள். தீவிலிருந்து கழியைக் கடந்து உள்நிலத்து மேட்டுக்கு ஒரு சாலை போட்டாகிவிட்டது. அந்த மேட்டில் புதுப் பள்ளியும் கட்டியாகிவிட்டது. புயல் வந்தால் ஓடிப்போக இடம் இருக்கிறது. ஊரும் ஒருநாள் அந்தப் பக்கம் நகரலாம். அன்று பள்ளியைக் கட்டி ஊரைத் தீவில் நிறுத்தினார்கள், இன்று பள்ளியைக் கட்டித்தான் ஊரை மேட்டுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது.

இருக்கும் இடத்திலேயே, தங்கள் பழைய அறிவை வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்வினோமிஷ் இனக்குழு. சியாட்டிலுக்கு வடக்கே, ஸ்காஜிட் விரிகுடாவின் ஓரத்தில் இவர்களின் நிலம். மற்ற பலர் பேசத் தொடங்கும் முன்பே, 2007-ல் காலநிலை மாற்றம் பற்றித் தங்கள் பேரவையில் பிரகடனம் நிறைவேற்றினார்கள். 2010-ல் முழுத் திட்ட அறிக்கையையே வெளியிட்டார்கள். அவர்கள் வாழ்வில் சால்மனும் மட்டியும் வெறும் உணவு மட்டுமல்ல. விருந்து, சடங்கு, பெரியவர்களுக்குப் பங்கு கொடுப்பது என்று எல்லாமே அவற்றைச் சுற்றித்தான் நடக்கும். கடல் கரியமில வாயுவை உறிஞ்சி அமிலத்தன்மை கூடும்போது மட்டிக்குஞ்சுகள் ஓடு கட்டச் சிரமப்படுகின்றன. 2021 ஜூன் மாத வெப்ப அலை, தண்ணீர் வற்றும் பகல் நேரத்தில் கரையைச் சுட்டது. அந்தப் பிரதேசம் முழுக்க மட்டியும் சிப்பியும் கரையிலேயே வெந்து செத்தன.

இதற்கு அவர்கள் கையில் எடுத்தது மட்டித் தோட்டம். வட பசிபிக் கரையின் பூர்வகுடி மக்களிடம் இருந்த பழைய முறை இது. கனடாப் பக்கத்தில் சில தோட்டங்கள் 3,500 ஆண்டுகள் வரை பழையவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முறை இதுதான்: தண்ணீர் மிகவும் வற்றும் நேரத்தில், அந்த வற்றுக்கோட்டை ஒட்டி, கரைக்கு இணையாகக் கற்களை அடுக்கி முழங்கால் உயரத்துக்கு ஒரு தாழ்வான சுவர் எழுப்ப வேண்டும். அலை ஏறி இறங்கும்போது மணலும் ஓட்டுத்தூளும் சுவருக்குப் பின்னால் தங்கும். சரிவான கரை மெல்ல மெல்லத் தட்டையாகி, மட்டிக்குப் பிடித்த உயரத்தில் ஒரு மேடையாகிவிடும். அப்புறம் அதைக் கிளறி மட்டி பொறுக்குவதே அதற்கான பராமரிப்பு, மண்ணுக்குள் காற்று போகும். பழைய தோட்டங்களில் பட்டர் கிளாம் என்ற மட்டி, சுவரில்லாத கரையைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பதைக் கனடாவில் அளந்திருக்கிறார்கள். மண்ணில் கலந்த ஓட்டுத்தூள் அமிலத்தன்மையைக் கொஞ்சம் தணிக்கவும் கூடும். கடல் ஏறினால் சுவரின் மேல் இன்னொரு வரிசைக் கல் வைக்கலாம்.

2022-ல் ஸ்வினோமிஷ் மக்கள் தங்கள் கரையில் ஒன்றைக் கட்டினார்கள். அமெரிக்காவில் இக்காலத்தில் கட்டப்பட்ட முதல் மட்டித் தோட்டம் அதுதான். பெரியவர்களும் பிள்ளைகளும் வெளியிலிருந்து வந்த தன்னார்வலர்களும் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கான்கிரீட் சுவர் மட்டி தராது. அதைச் சுற்றிப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவும் எதுவும் இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் தங்கிவிட முடியாது. ஊரையே மாற்றியாக வேண்டிய நிலையில் என்ன நடக்கிறது என்பதற்கு நியூடாக்குக்கே திரும்புவோம். அவர்கள் தேர்ந்தெடுத்த புது இடம் ஆற்றுக்கு மறுபுறம், சுமார் 15 கிலோமீட்டரில், நெல்சன் தீவில் இருக்கும் மெர்டார்விக். எரிமலைப் பாறை மேடு, நல்ல ஊற்றுத் தண்ணீர். அந்த நிலம் அரசின் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருந்ததால், நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக 2003-ல் நிலமாற்று ஒப்பந்தம் முடிந்தது. முதல் குடும்பங்கள் குடிபோனதோ 2019 அக்டோபரில். நடுவில் 16 ஆண்டுகள்.

ஏன் இவ்வளவு தாமதம்? ஓர் ஊரை மாற்றுவதற்கென்று அமெரிக்க அரசில் ஒரு துறை கிடையாது. வீட்டுக்கு ஒரு துறை, விமானத்தளத்துக்கு ஒரு துறை, பள்ளிக்கு மாநிலம், தண்ணீருக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி விதி. மக்கள் குடியிருந்தால்தான் பள்ளிக்குப் பணம் வரும், பள்ளி இருந்தால்தான் மக்கள் குடிபோவார்கள். பழைய ஊரில் எதையாவது பழுதுபார்க்கக் கேட்டால், நீங்கள்தான் போகப்போகிறீர்களே என்று பதில் வரும். 2006 வாக்கில் போட்ட மதிப்பீட்டில் இடமாற்றத்துக்கு 8 கோடி முதல் 13 கோடி டாலர் வரை ஆகும் என்றார்கள். அதை யாரும் மொத்தமாகக் கொடுக்கவில்லை, துண்டு துண்டாக வந்தது. ஐந்து ஆண்டுகள் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது, பாதி உறவினர்கள் இக்கரை, பாதி அக்கரை. புது ஊரின் வீடுகள் சிலவற்றில் இதற்குள்ளாகவே ஈரமும் பூசணமும் பழுதும் தெரிகின்றன. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இடத்தைத் தேர்ந்தது ஊர், ஓட்டுப் போட்டது ஊர், சேர்ந்தே போனதும் ஊர்.

லூசியானாவில் இந்த வரிசை பிசகியது. மிசிசிப்பிக் கழிமுகத்தில் ஐல் டி ஜான் சார்ல்ஸ் என்ற தீவு. 1830-ல் பூர்வகுடிகளை நிலத்தைவிட்டு வெளியேற்றும் சட்டம் வந்த காலத்தில், அதற்குத் தப்பி இந்தச் சதுப்புக்குள் ஒதுங்கியவர்களின் சந்ததியினர் அங்கே வாழ்ந்தார்கள். இன்று அவர்கள் ஜான் சார்ல்ஸ் சோக்டா இனக்குழு. 1955-க்குப் பிறகு தீவின் நிலத்தில் 98 சதவீதம் தண்ணீருக்குள் போய்விட்டது. முன்பு மாடு மேய்ந்த இடத்தில் இப்போது படகு போகிறது. உப்புநீர் ஏறி ஓக் மரங்கள் பட்டுப்போய் எலும்பாக நிற்கின்றன. இதற்குக் கடல் உயர்வு மட்டும் காரணம் அல்ல. மிசிசிப்பிக்குக் கரை கட்டியதால் வண்டல் வந்து சேர்வது நின்றது. எண்ணெய் நிறுவனங்கள் சதுப்பு முழுக்க வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் உள்ளே புகுந்து நாணலைக் கொன்றது. வேர் செத்ததும் மண் கரைந்தது. அந்தப் பலவீனமான நிலத்தின் மேல்தான் கடல் ஏறுகிறது, சூறாவளி அடிக்கிறது.

இனக்குழுவின் தலைவர் ஆல்பர்ட் நாக்கின் 2000-களின் தொடக்கத்திலிருந்தே, தீவிலும் சிதறிப்போன இடங்களிலும் இருக்கும் தம் மக்களை ஒரே ஊராகச் சேர்த்துக் குடியேற்ற முயன்றார். 2016-ல் மத்திய அரசு 4.83 கோடி டாலர் ஒதுக்கியது. உலகமே எழுதியது. ஆனால் இந்த இனக்குழுவுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் இல்லை, அதனால் பணம் மாநில அரசின் கைக்குப் போனது. திட்டம் மெல்ல மெல்ல மாநிலத்தின் திட்டமாக மாறியது. இனக்குழுவின் ஊர் என்பது போய், தீவில் குடியிருந்த தனித்தனிக் குடும்பங்களுக்கு வீடு என்று ஆனது. சுமார் 40 மைல் வடக்கே 2022-ல் குடும்பங்கள் குடியேறின. நல்ல உயரமான இடம், பாதுகாப்பான வீடுகள். அதை மறுக்க முடியாது. ஆனால் 2023-ல் இனக்குழு மத்திய அரசிடம் உரிமை மீறல் புகார் கொடுத்தது. தங்கள் தலைமையையும் பண்பாட்டையும் மாநிலம் ஓரங்கட்டிவிட்டது என்பது அவர்கள் குறை. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆள் தப்பித்து ஊர் கலைந்துபோனால் அதை வெற்றி என்று எழுதுவது சரியல்ல.

வாஷிங்டன் கரையின் குவினால்ட் இனக்குழு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. டஹோலா என்ற அவர்களின் ஊர் கடலும் ஆறும் சேரும் இடத்தில் இருக்கிறது, சுனாமி ஆபத்தும் உண்டு. 2014-ல் கடல் தடுப்புச் சுவரைத் தாண்டி ஊருக்குள் வந்தது. மேட்டில் புது ஊரைத் தாங்களே வரைந்து கட்டிவருகிறார்கள். முதலில் கட்டியது முதியவர்களும் குழந்தைகளும் பகல் பொழுதைக் கழிக்கும் கட்டடம், ஏனென்றால் வெள்ளம் வந்தால் ஓட முடியாதவர்கள் அவர்கள்தான். 2022-ல் மத்திய அரசு குவினால்டுக்கும் நியூடாக்குக்கும் நபாக்கியாக் என்ற இன்னொரு அலாஸ்கா ஊருக்கும் தலா 2.5 கோடி டாலர் அறிவித்தது. ஆனால் ஊரை மேட்டுக்கு ஏற்றலாம், மீனை ஏற்ற முடியாது. 1850-களின் ஒப்பந்தம் இவர்களுக்குத் தந்த மீன்பிடி உரிமை குறிப்பிட்ட நீர்நிலைகளோடு கட்டப்பட்டது. ஆற்றுக்குக் குளிர்ந்த நீர் தந்த ஆண்டர்சன் பனியாறு மறைந்துவிட்டது. சால்மன் வேறு குளிர்ந்த நீரைத் தேடிப் போனால், உரிமை அதன் பின்னால் போகாது.

சட்டம் எங்கே இடிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கப் பேரிடர் நிவாரணச் சட்டம் புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்று தேதி சொல்லக்கூடிய நிகழ்வுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆண்டுக்கணக்கில் கரை இடிவது அதில் அடங்குவதில்லை. நியூடாக் தங்களைப் பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கக் கேட்டபோது 2017 ஜனவரியில் மறுத்துவிட்டார்கள். நீதிமன்றத்தையும் முயன்று பார்த்தாயிற்று. கிவலீனா 2008-ல் எக்ஸான்மோபில் உள்ளிட்ட 20-க்கும் மேற்பட்ட எரிசக்தி நிறுவனங்கள் மீது இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. இது நீதிமன்றம் தீர்க்கும் விஷயம் அல்ல என்ற வகையில் தள்ளுபடியாகி, 2013-ல் உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்தது.

முன்கூட்டியே செலவழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2025 அக்டோபரில் பார்த்தோம். ஹாலோங் புயலின் மிச்சம் மேற்கு அலாஸ்காவைத் தாக்கியது. கிப்நுக், குவிகில்லிங்கோக் என்ற இரண்டு யூபிக் ஊர்களில் வீடுகள் அடித்தளத்தைவிட்டுக் கிளம்பி, உள்ளே ஆட்களோடு மிதந்து போயின. அந்தப் பகுதியிலிருந்து 1,500-க்கும் மேற்பட்டோர் வெளியேற வேண்டியிருந்தது. ராணுவ விமானங்களில் நூற்றுக்கணக்கானோரை ஏங்கரேஜ் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். கிப்நுக்கின் ஆற்றங்கரையைப் பலப்படுத்த ஒதுக்கியிருந்த 2 கோடி டாலர் மானியத்தை அதே ஆண்டு மே மாதம் மத்திய அரசு ரத்து செய்திருந்தது. அந்தப் பணம் கைக்கு வந்திருந்தாலும் அக்டோபருக்குள் வேலை முடிந்திருக்காது, உண்மைதான். ஆனால் ஆபத்து தெரிந்தும் திட்டம் பாதியில் நின்ற ஊர் அது.

ஏங்கரேஜில் யூபிக் மொழியில் பாடம் நடத்தும் அரசுப் பள்ளி வகுப்புகள் ஏற்கெனவே உண்டு. இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் பலரை அங்கே சேர்த்தார்கள். பெரியவர்கள் முன்னால் இருப்பது வேறு கணக்கு: அதே இடத்தில் திரும்பக் கட்டுவதா, மேடான வேறு இடம் தேடுவதா, யார் பணத்தில், எத்தனை ஆண்டில். நியூடாக்குக்கு நிலம் கிடைத்த நாளிலிருந்து கடைசிக் குடும்பம் கிளம்பும்வரை 21 ஆண்டுகள் ஆயின. இவர்களுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.